ஷெரிஃப் த்ரில்லர்: டெக்சாஸ் பெருசுங்க ரெண்டு பேரு, நியூஜெர்சி தொப்பைக்காரர் ஒருத்தர்

ஷெரிஃப் வர்ற த்ரில்லர் ஒன்னு சொல்லுங்கனு கேட்டா எல்லாரும் கண்ண மூடிட்டு ‘நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்’ (2007)னு சொல்லிருவாங்க. படமா பாத்தா அதான் டாப்பு, அதுல மாத்துக் கருத்தே இல்ல, சிறந்த படம் உட்பட நாலு ஆஸ்கார் வாங்கின படம். ஆனா போலீஸ்காரர் கதையா பாத்தா எனக்கு அதுக்கு மேல ரெண்டு படத்த வைக்கத் தோணுது, ‘ஹெல் ஆர் ஹை வாட்டர்’ (2016), அப்புறம் யாரும் பெருசா கண்டுக்காத ‘காப் லேண்ட்’ (1997). கிளைமாக்ஸ் வரைக்கும் பேசப்போறேன், பாக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடுங்க.

முதல்ல ஒன்னு. அமெரிக்கால ஷெரிஃப்னா நம்ம எஸ்பி மாதிரி மேலருந்து போஸ்டிங் போட்டு வர்ற ஆள் இல்ல, பெரும்பாலும் அந்தக் கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ஜனங்களே ஓட்டுப் போட்டு உக்கார வைக்கிற ஆளு. எவன் வீட்டுல என்ன பிரச்சினைனு அத்துப்படி, ஆனா சின்னக் கவுன்ட்டினா கையில இருக்கிறது ரெண்டு மூணு டெபுடி (உதவி போலீஸ்), எல்லை தாண்டுனா அடுத்தவன் ஏரியா. இந்த இக்கட்டுலதான் மொத்த த்ரில்லும் இருக்கு.

நோ கன்ட்ரில வர்ற எட் டாம் பெல் (டாமி லீ ஜோன்ஸ்) டெக்சாஸ் டெரல் கவுன்ட்டி ஷெரிஃப், கதை நடக்கிறது 1980ல. மனுஷன் எங்க போனாலும் லேட்டு. கையில சிக்குன போதைப் பணத்தத் தூக்கிட்டு ஓடுற மாஸோட டிரெய்லர் வீட்டுக்குப் போறாரு, மேசைல பால் பாட்டில் இன்னும் வேர்த்துக்கிட்டு இருக்கு, அதாவது கொலைகாரன் இப்பதான் கெளம்பிருக்கான், டெபுடி பதறுறான், இவரு நிதானமா அந்தப் பாலையே ஊத்திக் குடிச்சிட்டு ஆஃப் ஆயிருக்க டிவில தன் நிழலப் பாத்துட்டு உக்காந்துருக்காரு, கொஞ்சம் முன்னாடி அதே சோஃபால உக்காந்து அதே டிவியப் பாத்துட்டுப் போனவன்தான் சிகர். கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் நேருக்கு நேர் சந்திக்கிறதே இல்ல. இன்னொரு எடத்துல மாஸோட பொண்டாட்டிகிட்ட பேசிட்டு இருக்கப்ப, இப்பல்லாம் மாட்ட அடிக்க காத்துத் துப்பாக்கி யூஸ் பண்றாங்கனு ஒரு கதைய எடுத்து விடுறாரு, சிகர் ஊரெல்லாம் தூக்கிட்டு அலையிற ஆயுதமே அதுதான், ஆனா பெல்லுக்குப் பொறி தட்ட மாட்டேங்குது! விடை அவரு வாயிலயே இருக்கு. செம ரைட்டிங். ஆனாலும் பெல்ல எடுத்துட்டாலும் துரத்தல் அப்படியேதான் ஓடும், அவரு சாட்சி மட்டும்தான். படத்தோட பாயின்ட்டே அதுதான்னு தெரியும், இருந்தாலும் ஒரு போலீஸ்காரர் மூளைய ஓட்டி வேல செய்றதப் பாக்கணும்னு உக்காந்தா ஏமாத்தம்தான்.

அந்த வகைல ஹெல் ஆர் ஹை வாட்டர் நின்னு வெளையாடும். இதுவும் மேற்கு டெக்சாஸ், இதுலயும் ரிட்டயர் ஆகப்போற பெருசு, மார்கஸ் (ஜெஃப் பிரிட்ஜஸ்). இவரு ஷெரிஃப் இல்ல, டெக்சாஸ் ரேஞ்சர், அதாவது மாநில அளவு போலீஸ், ஊர் ஊராப் போய் விசாரிக்கலாம். அண்ணன் தம்பி ரெண்டு பேரு ஒரே பேங்க்கோட சின்னச் சின்ன பிராஞ்சா பாத்து காலங்காத்தால அடிக்கிறாங்க, கட்டு நோட்டத் தொடாம டிராயர்ல இருக்க சில்லறை நோட்ட மட்டும் அள்ளுறாங்க. எஃப்பிஐ வந்து நிக்கிற அளவுக்குப் பெரிய தொகை இல்ல. மார்கஸ் இதுலருந்தே புடிச்சிர்றாரு, இவனுங்க ஜாலிக்குத் திருடல, ஏதோ ஒரு கணக்கு வச்சிருக்கானுங்க, அது நிரம்புற வரைக்கும் அடிப்பானுங்கனு. அதுக்கப்புறம் பண்றதெல்லாம் ஒரு பேங்க் எதிர்ல பொழுதன்னைக்கும் உக்காந்து காத்திருக்கிறதுதான், பார்ட்னர் ஆல்பர்ட்டோவ இனத்த வச்சு ஓட்டிக்கிட்டே (அந்தக் கிண்டல் சில எடத்துல ஓவரு, ஆனா அந்த ஆள் செத்ததும் மார்கஸ் உடையிறப்பதான் அது ஏன் அவ்ளோ நேரம் வந்துச்சுனு புரியும்).

முடிவு இன்னும் கில்லாடித்தனம். தம்பிதான் பிளான் போட்டவன்னு மார்கஸுக்கு நல்லாவே தெரியும், நிரூபிக்க முடியாது. ஏன்னா பேங்க் கடனுக்குப் போக இருந்த அவங்க குடும்ப நெலத்துல எண்ணெய் வருது, அந்தப் பணத்த நிர்வகிக்கிற வேலைய கொள்ளை போன பேங்க்குக்கே குடுத்துட்டான், கஸ்டமரப் பகைச்சிக்க எந்த பேங்க் வரும்? வராண்டால ரெண்டு பேரும் உக்காந்து பேசுற அந்த சீன்ல துப்பாக்கி வெடிக்காது, ஆனா எப்ப வேணா வெடிக்கும்னு வயித்தக் கலக்கும். நோ கன்ட்ரில சிகர் கடைக்காரர் உயிர வச்சு நாணயம் சுண்டுற சீனுக்கு நிகரா சொல்ல எனக்கு இது ஒன்னுதான் தோணுது.

இப்ப காப் லேண்ட். ஸ்டலோன்னு சொன்னதுமே பல பேரு ஸ்கிப் பண்ணிருவாங்க, அங்கதான் மிஸ்ஸிங். வெயிட்டு போட்டு, தொப்பையோட, தோள் தொங்கிப்போய் ஒரு ஷெரிஃப், பேரு ஃப்ரெடி. சின்ன வயசுல தண்ணிக்குள்ள போன காருல இருந்து ஒரு பொண்ணக் காப்பாத்தப் போய் ஒரு காது போச்சு, அதனால நியூயார்க் போலீஸ்ல எடுக்கல. இப்ப அவரு காவல் காக்கிற கேரிசன்ங்கிற ஊரே நியூயார்க் போலீஸ்காரனுங்க ஆத்துக்கு இந்தப் பக்கம் வந்து மாஃபியா புண்ணியத்துல வீடு வாங்கி செட்டில் ஆன ஊரு. (நியூஜெர்சில ஷெரிஃப்னா கவுன்ட்டிக்குத்தான், ஒரு குட்டி ஊருக்குத் தனியா ஷெரிஃப்ங்கிறது சினிமா சலுகை, மன்னிச்சி விட்டுரலாம்.) பெல் லேட்டா வர்றாரு, மார்கஸுக்கு ஆதாரம் இல்ல, ஃப்ரெடிக்கு ரெண்டு பிரச்சினையும் கிடையாது, எல்லாம் கண்ணு முன்னாடியே நடக்குது, ஆனா தப்பு பண்றவனுங்க யார மாதிரி ஆகணும்னு வாழ்க்கை பூரா ஏங்குனாரோ அவனுங்க. இந்த மூணுல இதான் ரொம்ப வலிக்கிற சிக்கல்னு நான் சொல்வேன். போலீஸ்காரனுங்க தப்பையே விசாரிக்கிற அதிகாரியா வர்ற டி நீரோ முதல்ல உதவி கேட்டு வர்றப்ப ஃப்ரெடி நழுவிட்டு, அப்புறம் இவரே அவரத் தேடிப் போய் நிக்கிறப்ப, கேஸ் மூடியாச்சுய்யா, உனக்கு அப்பவே சான்ஸ் குடுத்தேன்லனு டி நீரோ கத்துவாரு பாருங்க, ஸ்டலோன் மூஞ்சி ஸ்கூல் பையன் மாதிரி ஆயிரும்.

குறையும் இருக்கு, கேரக்டருங்க ஜாஸ்தி, நடுவுல கொஞ்சம் இழுவை, யாரு யாருக்கு என்ன வேணும்னு கொழப்பும். நோ கன்ட்ரி அளவுக்கு ஷாட்டுக்கு ஷாட் கச்சிதம்லாம் கிடையாது.

எனக்குக் காப் லேண்ட், ஹெல் ஆர் ஹை வாட்டர், நோ கன்ட்ரி, இதே வரிசை. கொஞ்சம் சிரிச்சிட்டே பாக்கணும்னா ‘ஃபார்கோ’ (1996) போங்க, ஏழு மாசக் கர்ப்பிணி போலீஸ் சீஃப் பனில காலடித் தடத்தப் பாத்தே பாதி கேஸ முடிச்சிருவாங்க, அதுக்குத் தனியாத்தான் எழுதணும். டெக்சாஸ் படம் ரெண்டுக்கும் சப்டைட்டில் கண்டிப்பா போட்டுக்கோங்க, பேசுறது பாதி வாய்க்குள்ளயே போயிரும். காப் லேண்டுக்கு ஹெட்ஃபோன். கடைசில ஃப்ரெடியோட நல்ல காதுக்குப் பக்கத்துலயே துப்பாக்கிய வெடிச்சிருவானுங்க, அதுக்கப்புறம் மொத்தச் சண்டையும் அவருக்குக் கேக்குற மாதிரியே மங்கலா, ஒரு ரீங்காரத்தோட நமக்கும் வரும், லேப்டாப் ஸ்பீக்கர்ல பாத்தா சவுண்டு போச்சுனு வால்யூம ஏத்திட்டு இருப்பீங்க.