ஜூன் மாதத்தில் வடவொளி காட்டுகிறேன் என்றார்: அலாஸ்கா குழுப் பயணத்துக்குக் காசு கட்டப் போகிறவர்களுக்கு

நான் ஹட்டன் பக்கத்தில் 31 வருடம் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். என்னுடைய மூன்றரை லட்சம் ரூபா போனது ஒரு பக்கம். என் பேச்சை நம்பி வந்த பத்துப் பேரின் காசும் போனதுதான் இன்னும் தூங்க விடாமல் வைத்திருக்கிறது. அலாஸ்காவுக்குக் கூட்டிப்போவதாகக் காசு வாங்கிய ஆளின் பெயரையோ கம்பெனியின் பெயரையோ இதில் போடவில்லை. விஷயம் பொலிஸிலும் மத்தியஸ்த சபையிலும் இருக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும், அவர் பேசிய விதத்தை வைத்து இப்படிப்பட்ட இன்னொருவரை நீங்கள் அடையாளம் காணலாம்.

டொரொன்டோவில் இருக்கும் அக்கா மகள் இரண்டு வருடத்துக்கு முன் அலாஸ்காவுக்குக் கப்பலில் போய்வந்து படங்கள் அனுப்பியிருந்தாள். பனிப்பாறை உடைந்து கடலில் விழும் ஒரு சின்ன வீடியோவும் இருந்தது. அதை நான் எல்லாருக்கும் காட்டினேன். கோயிலில் காட்டினேன், பென்ஷன் எடுக்கப் போன வரிசையிலும் காட்டினேன். டிக்கோயாப் பக்கம் தோட்டத்தில் டீமேக்கராக (தேயிலைத் தொழிற்சாலைப் பொறுப்பாளராக) இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் அதை மூன்று தரம் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "மிஸ், சாகிறதுக்கு முன்னால ஒரு தடவை இதைப் பார்த்துடணும்" என்றார். பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது.

கண்டியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் விளக்கக் கூட்டம் என்று வாட்ஸ்அப்பில் அறிவித்தல் வந்தது. போனோம். ரோல்ஸ், பட்டீஸ், பால் தேநீர். டை கட்டிய ஒரு தம்பி பெரிய திரையில் படம் காட்டினார். கப்பலும் தரைவழியும் சேர்ந்த 13 நாள் பயணம், 2025 ஜூனில். வன்கூவரில் கப்பல் ஏறி, கெச்சிகன், ஜூனோ, ஸ்காக்வே, கிளேசியர் பே. பிறகு பஸ்ஸிலும் ரயிலிலும் டெனாலி தேசியப் பூங்கா, அங்கிருந்து ஃபேர்பேங்ஸ். விமானம், விசா, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 9 லட்சத்து 75 ஆயிரம். டொலர் 300 ரூபா அளவில் இருந்த நேரம், ஆக 3250 டொலர். கொழும்பிலிருந்து வன்கூவருக்குப் போய்வர விமானத்துக்கே அதில் பாதி அளவு போய்விடும் என்று அன்றைக்கு யாரும் கணக்குப் போடவில்லை. கணக்கு வாத்தியார் ஒருவரும் எங்கள் கூட்டத்தில் இருந்தார். அவரும் போடவில்லை.

கூட்டம் முடிந்ததும் அந்தத் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மிஸ், உங்க பேச்சுக்கு ஊர்ல மரியாதை இருக்கு. நீங்க 15 பேர் சேர்த்தா 16ஆவது ஆளா நீங்க இலவசம்." வீட்டில்கூட இதைச் சொல்லவில்லை, இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்: அந்த இலவச இடத்துக்கு நான் ஆசைப்பட்டேன். கப்பல் உலகத்தில் இந்த வழக்கம் நிஜமாகவே இருக்கிறது. குழுவாகப் போகும்போது இத்தனை பேருக்கு ஒருவர் என்று கம்பெனிகளே சலுகை கொடுப்பதுண்டு. பொய் அதில் இல்லை. அந்த ஆசை காட்டப்பட்ட பிறகு நான் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, ஆள் சேர்க்கிறவளாக மாறிப்போனேன். தலவாக்கலையில் பார்மசி வைத்திருக்கிறவர், பண்டாரவளையில் ஒரு தம்பதி, என் தங்கையும் மச்சானும், டீமேக்கர் ஐயா என்று பத்துப் பேரைச் சேர்த்துவிட்டேன். 16 பேர் வராததால் என் காசையும் நானே கட்டினேன்.

முதல் தவணை ஒன்றரை லட்சம். நவெம்பரில் இரண்டாம் தவணை இரண்டு லட்சம், அதில் 65,000 விசாவுக்கு என்றார் அந்தத் தம்பி. காசு போன கணக்கு அவருடைய சொந்தப் பெயரில் இருந்தது. கம்பெனிக் கணக்கு "மாறுகிற நேரம்" என்று காரணம் சொன்னார். பற்றுச்சீட்டு தந்தார், அழகாக அச்சடித்தது, வணிகப் பதிவு இலக்கமும் இருந்தது. அந்த இலக்கம் போதும் என்று நினைத்தேன். வியாபாரப் பெயர்ப் பதிவை யாரும் செய்துகொள்ளலாம், பிரதேச செயலகத்தில் முடிகிற வேலை. பயண முகவராகத் தொழில் செய்ய இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் தனியாகப் பதிவு இருக்க வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சான்றிதழைத்தான் நான் கேட்டிருக்க வேண்டும். இவரிடம் அது இருக்கவில்லை என்பதைப் பிறகு அதிகார சபைக்குப் போன் எடுத்தபோது ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு எப்படிப் புரிந்தது என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். பெப்ரவரியில் ஒரு பின்னேரம், பக்கத்து வீட்டுப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்க வந்திருந்தாள். பூமியின் சாய்வு, பருவ மாற்றம், நள்ளிரவுச் சூரியன். பலகையில் 66½ பாகை அகலக்கோட்டைக் கீறி, "ஜூன் 21இல் இதற்கு மேலே சூரியன் மறையாது, கொஞ்சம் கீழே இருக்கிற ஊர்களிலும் இருட்டவே இருட்டாது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சோக்கட்டி கையிலேயே நின்றுவிட்டது. எங்கள் பயணத் திட்டத்தின் 11ஆவது நாள்: "ஃபேர்பேங்ஸில் இரவு 11 மணிக்கு வடவொளி தரிசனம்".

ஃபேர்பேங்ஸ் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழேதான். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் கிட்டத்தட்ட 22 மணி நேரம் வானத்தில் இருக்கும், மிச்ச நேரம் அந்திவெளிச்சம். வடவொளி என்பது துருவப் பக்கத்து இரவு வானத்தில் தெரியும் வண்ண ஒளி, அது தெரிய இருட்டு வேண்டும். ஓகஸ்ட் பின்பகுதிக்குப் பிறகுதான் அங்கே அந்த இருட்டு திரும்ப வருகிறது. நாம் ஏழாம் பாகையில் இருக்கிறோம். வருடம் முழுக்க ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு இருட்டுகிற ஊர்க்காரர்கள் என்பதால் இது சட்டென்று உறைப்பதில்லை. ஆனால் இதை 31 வருடம் படிப்பித்தவளுக்கு உறைக்காமல் போனதற்கு மன்னிப்பே கிடையாது.

பிள்ளையை அனுப்பிவிட்டு அட்லஸை எடுத்தேன். ஐந்தாம் நாள்: "ஜூனோவில் இறங்கி சொகுசு பஸ்ஸில் டெனாலி நோக்கிப் பயணம்." ஜூனோ அலாஸ்காவின் தலைநகரம்தான், ஆனால் அங்கிருந்து வெளியே எந்த ஊருக்கும் தரைப்பாதை கிடையாது. மலையும் பனிவெளியும் சூழ்ந்த இடம். கப்பலில் போகலாம், விமானத்தில் போகலாம், பஸ்ஸில் போக முடியாது. வன்கூவரிலிருந்து ஒருவழியாகப் போகும் கப்பல்கள் விட்டியர் அல்லது செவார்ட் துறைமுகத்தில் ஆளை இறக்கும், டெனாலிக்குத் தரைவழி அங்கிருந்துதான். விட்டியரிலிருந்து வெளியே வர நாலு கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்று. ரயிலும் வாகனமும் ஒரே பாதையை முறை வைத்துப் பாவிக்கும். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயிலில் போகும்போது கூச்சல் போட்டு வளர்ந்த எங்களுக்கு அதைப் பார்க்கவே போயிருக்கலாம். இவருடைய திட்டத்தில் விட்டியர் என்ற பெயரே இல்லை.

எட்டாம் நாள்: டெனாலிப் பூங்காவுக்குள் வொண்டர் ஏரிவரை பஸ் பயணம். அந்தப் பூங்காப் பாதை 92 மைல் நீளம், ஏரி ஏறக்குறைய அதன் கடைசியில் இருக்கிறது. 2021 ஓகஸ்டில் நிலம் வழுக்கியதிலிருந்து பாதை 43ஆவது மைலோடு மூடிக் கிடந்தது, பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2025 கோடையிலும் பஸ்கள் அதுவரைதான். நம் பக்கம் மழைக்கு மண் சரிந்து வீதி மூடுவது போலத்தான். என்ன, அங்கே தேசியப் பூங்காவின் இணையத்தளத்தில் இதை எல்லாருக்கும் தெரியும்படி போட்டிருக்கிறார்கள். பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நான் நாலு மாதமாகச் செலவழிக்கவில்லை.

அன்றிரவே அக்கா மகளுக்குப் போன் எடுத்தேன். அவள் முதலில் கேட்டது, "சித்தி, அமெரிக்க விசா எடுத்தாச்சா?" தம்பி சொன்னபடி நானும் சொன்னேன்: கனடாவில்தானே ஏறுகிறோம், கப்பலிலேயே இருப்பதால் கனடா விசா போதுமாம். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அலாஸ்கா அமெரிக்க மண். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசா கட்டாயம். அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகள் வன்கூவர் துறைமுகத்திலேயே, கப்பல் ஏறும் முன் சோதிப்பார்கள். அதாவது நாங்கள் பதினொரு பேரும் பெட்டிகளோடு அந்த வாசலில் நின்றிருப்போம். அந்த நேரம் கனடா விசாவுக்குக் கட்டணம் 100 கனேடிய டொலர், விரலடையாளத்துக்கு 85. அமெரிக்க விசாவுக்கு அப்போது 185 அமெரிக்க டொலர், கொழும்பில் நேர்முகம் வேறு, மறுத்தால் காசு திரும்பாது. விசாவுக்கென்று 65,000 வாங்கியவர், விரலடையாளம் கொடுக்க கொழும்புக்குப் போங்கள் என்று எங்களில் ஒருவரிடமாவது சொல்லவில்லை. அப்போதே மணி அடித்திருக்க வேண்டும்.

மறுநாள் தம்பியிடம் கப்பல் பதிவு இலக்கத்தைக் கேட்டேன். இரண்டு நாள் இழுத்து ஓர் இலக்கம் அனுப்பினார். கப்பல் கம்பெனியின் சொந்தத் தளத்தில் பெயரையும் இலக்கத்தையும் போட்டால் உங்கள் பதிவு, அறை வகை, இதுவரை கட்டிய காசு எல்லாம் தெரியும். எனக்கு எதுவும் வரவில்லை. அக்கா மகள் மற்றப் பக்கம் லைனில் இருக்க, கம்பெனிக்கே பேசினேன். முகவர் செய்த பதிவைப் பற்றி எங்களிடம் பேச மாட்டார்கள், அது அவர்கள் விதி. ஆனால் என் பெயரில் அந்தப் பயணத்தில் பயணி எவரும் இல்லை என்பதை மட்டும் சொன்னார்கள்.

அதைச் சொன்னதும் தம்பி கொஞ்சமும் அசரவில்லை. "மிஸ், குரூப் புக்கிங்ல பேர் கடைசியிலதான் ஏறும்." இதில் பாதி உண்மை, அதனால்தான் இந்த ஆட்களோடு வாதாடுவது கஷ்டம். குழுவுக்கு அறைகளை முதலில் பெயரில்லாமல் பிடித்து வைப்பது நடக்கிற விஷயம்தான். ஆனால் பிடித்து வைக்கவும் கம்பெனிக்கு முற்பணம் கட்டியிருக்க வேண்டும். "சரி தம்பி, நீங்கள் கம்பெனிக்குக் கட்டிய ரசீதைக் காட்டுங்கள்" என்றேன். அதற்குப் பதில் இல்லை. அடுத்த நாள் புதுக் கதை வந்தது: கனடா விசா சிக்கல் என்றால் சியாட்டிலில் ஏறி விட்டியரில் இறங்கலாம், அமெரிக்க விசா மட்டும் போதும். அதுவும் நடக்காது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய ஆளை இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் அப்படி இறக்கிவிட்டுப் போக முடியாது. 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. ஒருவழிக் கப்பல்கள் வன்கூவரில் புறப்படுவதற்கே அதுதான் காரணம். இந்தத் தொழிலில் ஒரு வருடம் இருந்தவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

காசைத் திருப்பிக் கேட்டபோது, கப்பல் கம்பெனி முற்பணத்தைத் திருப்பித் தராது என்றார். சலுகைக் கட்டணத்தில் எடுத்தால் அப்படி உண்டு. சாதாரணக் கட்டணத்தில், கடைசித் தவணைக்கு முன் விலகினால் முற்பணம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். அந்தக் கடைசித் தவணையும் பெரும்பாலும் பயணத்துக்கு மூன்று மாதம் அளவு இருக்கும்போதுதான் வரும். போகட்டும், எங்கள் விஷயத்தில் கம்பெனிக்கு ஒரு சதமும் போகவில்லையே, எதைத் திருப்பித் தராமல் இருப்பார்கள்?

மொத்தம் 38 லட்சத்து 50 ஆயிரம். பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம், ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நாங்கள் "பாவம், சின்னப் பையன், தந்துவிடுவான்" என்று பேசிப் பேசியே நாட்களைக் கடத்தினோம். அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள். வாட்ஸ்அப் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்தது மட்டும் உதவியது. மத்தியஸ்த சபையில் அவற்றைப் போட்டுக் காட்டிய பிறகுதான் தவணைக் காசோலைகளுக்குச் சம்மதித்தார்.

முதல் காசோலை வங்கியில் மாறிக் காசு வந்தது. இரண்டாவது ஒரு தரம் திரும்பி வந்து, பிறகு மாறியது. இரண்டும் சேர்த்து 12 லட்சம். அதில் டீமேக்கர் ஐயாவின் மூன்றரை லட்சத்தை முதலில் கொடுத்தேன். அவர் கட்டியது ஓய்வு பெறும்போது கிடைத்த கிராஜுவிட்டிக் காசு. மற்றவர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை, மச்சான் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். தங்கை மட்டும் அவருக்குத் தெரியாமல் போன் எடுக்கிறாள். ஐயா காசை வாங்கி எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அந்த வீடியோவை இன்னொரு தரம் போடச் சொன்னார். போனில் இருந்து அதை அழித்துவிட்டேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சார்ஜ் இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

மூன்றாவது காசோலைக்கு அடுத்த மாதம் 10ஆம் திகதி போட்டிருக்கிறார். அன்று காலை ஒன்பது மணிக்கு வங்கி வாசலில் நிற்பேன்.