சிறிய மரக் கடைசல் இயந்திரத்தின் பவர் சுவிட்ச் பழுது: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

மேசைமேல் வைத்துப் பயன்படுத்தும் சிறிய மரக் கடைசல் இயந்திரங்களில் முதலில் தொல்லை கொடுக்கும் உறுப்பு, என் அனுபவத்தில், மோட்டாரோ பேரிங்கோ அல்ல. பச்சை, சிவப்புப் பொத்தான்கள் கொண்ட பவர் சுவிட்ச்தான். அரைக் குதிரைத்திறன் மோட்டாரும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழும், கட்டையைச் சுழற்றும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் முன்பக்கத்தில் பதித்த சுவிட்சும் கொண்ட ஓர் இயந்திரத்தில் பல ஆண்டுகளாகக் கிண்ணங்களும் உளிக் கைப்பிடிகளும் கடைந்துவருகிறேன். இயந்திரத்தின் மற்ற பாகங்களில் எனக்குக் குறையேதும் இல்லை. சுவிட்சைப் பற்றி மட்டும் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில், அதன் கோளாறு மோட்டாரின் கோளாறு போலவும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் போர்டின் கோளாறு போலவும் தோற்றமளித்து, தேவையில்லாத செலவில் இழுத்துவிடக்கூடியது.

கோளாறு படிப்படியாகத்தான் வந்தது. பச்சைப் பொத்தானை அழுத்தியிருக்கும் வரை மோட்டார் சுழலும், விரலை எடுத்ததும் நின்றுவிடும். இது முதலில் எப்போதாவதுதான் நடந்தது. பின்னர், வட்டம் வராத கரடுமுரடான கட்டையை முதன்முதலாக உருட்டும்போது, அந்த அதிர்விலேயே இயந்திரம் தானாக நிற்கத் தொடங்கியது. இறுதியில் பொத்தானைப் பலமுறை அழுத்தினால்தான் ஓடும் என்ற நிலை வந்தது.

இந்த அறிகுறிகள் என்ன சொல்கின்றன என்பதை அறிய, சுவிட்சுக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது சாதாரண விளக்குச் சுவிட்ச் அல்ல. மோட்டார் ஸ்டார்ட்டர்களில் இருப்பது போன்ற நோ-வோல்ட் காயில் (மின்சாரம் இருக்கும் வரை மட்டும் காந்தமாக இருக்கும் கம்பிச்சுருள்) இதற்குள்ளும் உண்டு. பச்சைப் பொத்தானை அழுத்தும்போது விரலின் விசையால் தொடுமுனைகள் சேர்கின்றன. சேர்ந்ததும் காயிலுக்கு மின்சாரம் கிடைத்து, அது காந்தமாகி இரும்புத் தகட்டைப் பிடித்துக்கொள்கிறது. மின்சாரம் தடைபட்டால் பிடி விட்டுப்போய், ஸ்பிரிங் தொடுமுனைகளைப் பிரித்துவிடும். மின்சாரம் திரும்பி வந்தாலும் யாராவது மீண்டும் அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். ஆகவே, அழுத்தியிருக்கும் வரை ஓடி, விட்டதும் நிற்கிறது என்றால் மோட்டாரும் போர்டும் பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன. பிடித்துவைக்கும் காந்தத்தில்தான் குறை. அக்குறைக்குக் காயில் அறுந்திருப்பது ஒரு காரணமாகலாம். காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவே தூசி புகுந்து இடைவெளி விழுந்திருப்பது இன்னொரு காரணமாகலாம். நீளமான மெல்லிய நீட்டிப்புக் கம்பியால் மின்னழுத்தம் குறைந்தாலும் இதே அறிகுறி தோன்றும். சில இயந்திரங்களில் பெல்ட் மூடியின் கீழிருக்கும் பாதுகாப்பு மைக்ரோ சுவிட்ச் இந்தக் காயிலோடு தொடராக இணைக்கப்பட்டிருக்கும். மூடி சரியாக அமராவிட்டாலும் காயில் பிடிக்காது. ஆகவே, எதையும் கழற்றுவதற்கு முன் மூடியை ஒருமுறை அழுத்திப் பார்ப்பது வீண்போகாது.

எதை அழுத்தினாலும் அசைவே இல்லை என்றால் விசாரணை வேறு திசையில் செல்ல வேண்டும். வேகக் குமிழைச் சுழியத்துக்குக் கொண்டுவந்த பிறகே மோட்டாரை ஓடவிடும் போர்டுகள் உண்டு. டிசி மோட்டாராக இருந்தால், சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தாலும், செத்த சுவிட்ச் போலவே இயந்திரம் அசையாமல் கிடக்கும். ஃபியூஸையும் பிரஷ்களையும் பார்க்கச் சில நிமிடங்கள்தான் ஆகும். அவற்றை முதலில் பார்த்துவிடுவதே முறை.

சுவிட்சைக் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே வைத்துக்கொள்ள வேண்டும். வேகக் கட்டுப்பாட்டுப் போர்டில் உள்ள கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் மின்னூட்டத்தைத் தேக்கிவைத்திருக்கும் என்பதால், சில நிமிடங்கள் காத்திருந்து, மீட்டரால் சோதித்துவிட்டே கைவைப்பது அவசியம். எந்தக் கம்பி எந்த எண்ணில் இருந்தது என்பதைப் புகைப்படம் எடுத்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது ஐயம் எழாது. இவ்வகைச் சுவிட்சுகளில் 13, 14 ஒரு சோடி, 23, 24 மற்றொரு சோடி என்று எண்ணிட்டிருப்பது வழக்கம். அவை இரண்டும் அழுத்தும்போது சேரும் தொடுமுனைகள். ஏ1 என்று குறித்திருப்பது காயிலின் முனை.

என் சுவிட்சைத் திறந்தபோது, காந்தத்தின் முகப்பில் உப்புத்தாள் தேய்ப்பில் எழும் மாவு போன்ற தூசி இறுகிப் படிந்திருந்தது. அதை நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. உளியில் சீவி விழும் சுருள்களால் சுவிட்சுக்குக் கேடில்லை. உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் நுண்தூசிதான் பொத்தானின் ஓர இடுக்கு வழியாக உள்ளே இறங்குகிறது. அதைக் காற்றழுத்தத்தால் ஊதினால் இன்னும் ஆழமாகப் போய்விடும். மென்மையான பிரஷால் தட்டிவிட்டு, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுப்பதே நல்லது. தொடுமுனைகளை அரத்தால் ராவக் கூடாது; மேலிருக்கும் வெள்ளிக் கலவைப் பூச்சு போய்விட்டால் அந்தச் சுவிட்ச் அதிக நாள் தாங்காது.

தூசியை விட முக்கியமான ஒன்றை அப்போது கண்டேன். ஒரு கம்பியின் நுனியில் இருந்த செருகு டெர்மினல் பழுப்பேறி, அதன் மேலிருந்த பிளாஸ்டிக் உறை உருகிச் சுருங்கியிருந்தது. பிடி தளர்ந்த டெர்மினலில் மின்னோட்டத்துக்கு எதிரான தடை கூடும். தடை கூடிய இடம் சூடாகும். சூடானதும் பிடி மேலும் தளரும். இந்தச் சுழற்சியில் சிக்கிய இயந்திரத்தில் புதுச் சுவிட்ச் போட்டாலும் பழைய டெர்மினலையே செருகினால் கோளாறு திரும்பி வரும். கருகிய நுனியை வெட்டிவிட்டு, நல்ல செம்பு தெரியும் வரை உறையை உரித்து, 6.3 மில்லிமீட்டர் டெர்மினலைக் கிரிம்ப் செய்து (நசுக்கி இறுக்கி) மாட்டினேன்.

மல்டிமீட்டர் குறித்து ஓர் எச்சரிக்கை. இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் கன்டினியூட்டி சோதனையில் மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மிகச் சிறியது; கருகிய தொடுமுனைகூட அதில் தேறிவிடும். உண்மை நிலை சுமையில்தான் தெரியும். பிளக்கைப் பிடுங்கிய நிலையில் தொடுமுனைச் சோடியின் இருபுறமும் மீட்டரின் கிளிப்புகளைக் காப்பிட்டு மாட்டி, மீட்டரை மெயின் மின்னழுத்தத்தைத் தாங்கும் ஏசி அளவில் வைத்து, அதன்பின் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். சுவிட்ச் திறந்திருக்கும்போது முழு மின்னழுத்தமும் அங்கே நிற்கும் என்பதால் மீட்டரைக் குறைந்த அளவில் வைக்கக் கூடாது. மோட்டார் சுமையில் ஓடும்போது நல்ல தொடுமுனையின் குறுக்கே ஏறத்தாழச் சுழியமே காட்டும். ஓரிரு வோல்ட் நின்றாலே அது கருகத் தொடங்கிவிட்டது என்று பொருள். மின்வேலையில் பழக்கமில்லாதவர்கள் இந்தச் சோதனையை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது.

துப்புரவு செய்த சுவிட்ச் கணிசமான காலம் உழைத்தது. ஆனால் முன்போல் ஆகவில்லை. கடைசல் வேலையில் அளவு பார்க்கவும் உப்புத்தாள் மாற்றவும் அடிக்கடி நிறுத்தி ஓட்டுவோம். ஏசி இண்டக்ஷன் மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல் ஐந்து முதல் எட்டு மடங்கு வரை இழுக்கும். என்னுடையதைப் போன்ற போர்டு உள்ள இயந்திரத்தில் கெப்பாசிட்டர் நிரம்பும்போது அந்த அடி விழுகிறது. இரண்டிலும் தேய்வது தொடுமுனைதான். மாற்றுச் சுவிட்ச் வாங்கும்போது வெறும் ஆம்பியரை மட்டும் பார்க்காமல், மோட்டார் சுமைக்கு எவ்வளவு என்று குறித்திருக்கும் அளவையும், காயிலின் வோல்ட்டையும், இரு கம்பிகளையும் துண்டிக்கும் இரட்டை முனை அமைப்பையும் பார்த்தே தேர்ந்தெடுத்தேன்.

அவசரத்துக்கு, தட்டிய நிலையிலேயே நிற்கும் சாதாரண ராக்கர் சுவிட்சைப் போட்டு ஓட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை உறுதியாக மறுக்கிறேன். மின்வெட்டின்போது, கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் கட்டையை மாற்றிக்கொண்டிருக்கையில், சக் சாவி அதிலேயே செருகியிருக்கையில், மின்சாரம் திரும்பினால் என்ன ஆகும் என்பதை நினைத்தாலே போதும்.

புதிய சுவிட்சை ஹெட்ஸ்டாக்கில் பதிக்காமல், மூடிய பெட்டியில் பொருத்தி, கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் பக்கம் பலகையின் முன்விளிம்பில் வைத்திருக்கிறேன். தூசி பறக்கும் பாதையிலிருந்து அது விலகியிருப்பதோடு, கட்டை கழன்று பறக்கக்கூடிய நேர்க்கோட்டைக் கடந்து கை நீட்டாமலே நிறுத்தவும் முடிகிறது. இடம் மாற்றிய பின் பிளக்கின் எர்த் முனைக்கும் இயந்திரத்தின் உடலுக்கும் இணைப்பு இருப்பதை மீட்டரால் உறுதிசெய்தேன். அதன்பின் நெடுங்காலமாகத் தானாக நிற்பதும் இல்லை, டெர்மினல் சூடாவதும் இல்லை. ஒரே குறை, சிவப்புப் பொத்தானின் மேலிருக்கும் மடிப்பு மூடியின் கீல் மெல்லிய பிளாஸ்டிக்காக இருப்பது. அதில் இப்போதே வெண்கோடு விழுந்திருக்கிறது, அது முறியும் முன் மூடியை மட்டும் தனியாக மாற்ற வேண்டியிருக்கும்.