எங்கள் ஓடைக்கு எது: தூர்வாரலா, மறுகாலா, வெள்ளநீர்க் கால்வாயா?

எங்கள் ஊர் நாங்குநேரிக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே இருக்கிறது. ஊரை ஒட்டி ஓர் ஓடை. வருஷத்தில் பதினோரு மாசம் அதில் ஆடு மேயும், பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். 2023 டிசம்பர் 17 ராத்திரி அதே ஓடை ரோட்டை அறுத்துக்கொண்டு போனது. அதற்கப்புறம் கூடிய கிராம சபையில் ஊர் மூன்று கட்சியானது. ஓடையைத் தோண்டச் சொன்னது ஒரு கட்சி. குளம் நிரம்பினால் மிஞ்சும் தண்ணீர் வெளியேறும் வழியான மறுகாலைச் சரிசெய்யச் சொன்னது இன்னொன்று. வெள்ளநீர்க் கால்வாய் முழுசாக வந்துவிட்டால் எல்லாம் தீரும் என்றது மூன்றாவது.

இந்த மூன்றையும் எடை போடுவதற்கு முன், அன்றைக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நெல்லையில் வெள்ளம் என்றாலே தாமிரபரணிதான் ஞாபகம் வரும். 1992 நவம்பரில் மலையில் கொட்டியது, அணைகள் நிரம்பின, ஆறு ஊருக்குள் வந்தது. 2023 வேறு மாதிரி. மழை மலையோடு நிற்கவில்லை, சமவெளியிலேயே கொட்டியது. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, மூலைக்கரைப்பட்டியில் 62, கோவில்பட்டியில் 53. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது அந்தப் பக்கத்து ஒரு வருஷ மழையை விட அதிகம். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சிக்கிய ரயிலை நாடே டிவியில் பார்த்தது. பெயர் தெரியாத ஓடைகளும் உடைந்த குளங்களும் செய்த வேலையை அந்தந்த ஊர்க்காரன்தான் பார்த்தான்.

ஆற்றுக்கு ஒரு வசதி உண்டு. பாபநாசம் எத்தனை அடி, மணிமுத்தாறு எத்தனை அடி, விநாடிக்கு எத்தனை கன அடி திறப்பு என்று தினமும் பேப்பரில் வருகிறது. எங்கள் ஓடைக்கு அப்படி ஒன்றும் கிடையாது. மழை வலுத்த சில மணி நேரத்தில் தண்ணீர் வாசலுக்கு வந்துவிடும். முன்னறிவிப்பு என்றால் மேலூர்க்காரன் போடுகிற போன்தான், அதுவும் டவர் இருந்தால்.

சரி, முதல் கட்சி. தூர்வாருவது. இதற்கு ஆதரவு அதிகம், காரணம் கண்ணுக்குத் தெரியும் வேலை இது. ஜேசிபி வரும், சீமை உடை (சீமைக் கருவேலம்) சாயும், போட்டோ எடுக்கலாம். உடையை எடுப்பதில் எனக்கும் முழுச் சம்மதம். ஓடையின் பாதி அகலத்தை அதுதான் தின்றிருக்கிறது. ஆனால் வெட்டினால் போதாது, வேரோடு பிடுங்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருஷம் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். தோண்டுவதில்தான் எனக்குத் தகராறு. தோண்டிய மண்ணை ஓடைக்கரையிலேயே அணைத்து வைக்கிறார்கள். அடுத்த மழையில் அது ஓடைக்கே திரும்புகிறது. அப்புறம், ஆழமான நேரான ஓடையில் தண்ணீர் வேகம் பிடித்து அடுத்த பாலத்தில் போய் முட்டும்.

பாலம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. எங்கள் ரோட்டில் முன்பு தரைப்பாலம் இருந்தது. மழைக்கு இரண்டு நாள் பஸ் வராது. பைக்கில் கடக்கப் பார்த்து இழுபட்டவர்களும் உண்டு. புகார் மேல் புகார் போய், மூன்று சிமெண்டுக் குழாய் பதித்து மேலே ரோட்டை உயர்த்தினார்கள். அன்றைக்கு ராத்திரி அந்தக் குழாய்களின் வாயை உடைமரக் கிளை, வாழைத்தண்டு, ஒரு கிழிந்த பிளக்ஸ் எல்லாம் சேர்ந்து அடைத்துவிட்டன. ரோடே அணையாகி, தண்ணீர் பின்வாங்கிக் கீழத்தெருவுக்குள் போனது. கடைசியில் குழாய் மூன்றும் இருந்த இடத்தில் இருக்க, பக்கத்து ரோடு இருபதடிக்கு அறுந்து கிடந்தது. ஓடையை எத்தனை அடி தோண்டியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

இனி கால்வாய்க் கட்சி. வெள்ளநீர்க் கால்வாய் என்று அவர்கள் சொல்லும் தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புக் கால்வாய் வெள்ளாங்குழிப் பக்கம் கன்னடியன் கால்வாயில் தொடங்கி, சுமார் 75 கி.மீ. ஓடி, எம்.எல். தேரியில் முடிகிறது. 2025 பிப்ரவரியில் முறைப்படித் திறந்தார்கள். நல்ல திட்டம்தான். கடலுக்குப் போகிற தாமிரபரணித் தண்ணீரை எங்கள் மாதிரி வறண்ட குளங்களுக்குக் கொண்டுவர வெட்டியது. எங்கள் ஓடையில் வரும் வெள்ளத்தையும் அது வாங்கிக்கொள்ளும் என்று நம்புவதுதான் தப்பு.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓர் ஓடைக்கு 20 சதுர கி.மீ. பரப்பிலிருந்து தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 50 செ.மீ. பெய்தால் 1 கோடி கன மீட்டர், அதாவது சுமார் 35 கோடி கன அடி. நிலம் ஊறிப்போன பிறகு முக்கால் பங்கு ஓடி வந்தாலும் 26 கோடிக்கு மேல். கால்வாயின் முழு அளவு விநாடிக்கு 3,200 கன அடி. ஒரு நாள் முழுக்கக் கரை தொட ஓடினால் 27 கோடிச் சொச்சம். ஆக ஒற்றைச் சின்ன ஓடையே மொத்தக் கால்வாயையும் நிரப்பிவிடும். இப்படி எத்தனை ஓடை! தவிர, ஓடைகளின் குறுக்கே போகும் கால்வாய்க் கரை, ஓடை கடக்க எத்தனை கண், அதாவது திறப்பு, விட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உதவியும் உபத்திரவமும்.

அப்படியானால் குளம் மட்டும் தாங்கிவிடுமா என்று கேட்பீர்கள். தாங்காது. 50 ஹெக்டேர் குளத்தில் சராசரி 2 மீட்டர் தண்ணீர் நின்றால் மூன்றரைக் கோடி கன அடி. மேலே சொன்ன 26 கோடியில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் மார்கழி பிறக்கும்போது, ஐப்பசி கார்த்திகை மழையில் பாதியாவது நிரம்பியிருக்கும். வெள்ளத்தன்று குளத்திடம் எதிர்பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: உடையாமல் இருப்பது. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்து. மேற்குளம் உடைந்தால் ராத்திரி முழுக்க வர வேண்டிய தண்ணீர் ஒரு மணி நேரத்தில் கீழ்க்குளத்துக்கு வரும், அதுவும் உடையும்.

ஏன் உடைகிறது? எங்கள் குளத்தில் நானே பார்த்தது. நவம்பரில் மழை சரியில்லை என்று மறுகால் தண்ணீர் வழியும் கல் கட்டுமானமான கலுங்கின் கல் இடைவெளியில் மணல் மூட்டை அடுக்கி இரண்டடி தண்ணீரைக் கூட்டி நிறுத்தியிருந்தார்கள். விவசாயியைக் குறை சொல்ல முடியாது, அந்த இரண்டடிதான் அவனுக்குக் கடைசித் தண்ணீர். 17ஆம் தேதி சாயங்காலம் குளத்துத் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் நீர்பாய்ச்சி தாத்தா மூட்டையை எடுக்கக் கம்போடு போனார், நானும் டார்ச் பிடித்துக்கொண்டு போனேன். ஊறின மூட்டை அசையவில்லை. "ஏ தம்பி, நேத்தே எடுத்திருக்கணும்லா" என்றார். அரிவாளால் சாக்கைக் கீறி மண்ணைக் கரைத்து விட்டோம். நாலு கண் திறந்தது. மீதியைத் தொட முடியாத அளவுக்கு இழுப்பு. எங்கள் கரை தப்பியது அந்த நாலு கண்ணால்தான் என்று நினைக்கிறேன். கீழூர்க் குளத்தில் யாரும் போகவில்லை, காலையில் அங்கே கரையில் லாரி நுழையும் அளவு உடைப்பு.

அதனால் என் ஓட்டு மறுகாலுக்கு. கலுங்கை அகலப்படுத்த வேண்டும், மூட்டைக்குப் பதில் ஏற்றி இறக்கும் ஷட்டர் வைக்க வேண்டும், கலுங்குக்குக் கீழே மறுகால் ஓடை அடுத்த குளம் வரைக்கும் பட்டாக்காரன் கைவைக்காமல் கிடக்கிறதா என்று புல வரைபடத்தை வைத்து அளக்க வேண்டும். கூடவே அந்தக் குழாய்ப் பாலத்தை எடுத்துவிட்டு அகலக் கண் வைத்த பாலம். உடை பிடுங்குவது அதற்கப்புறம். எல்லா மண்ணுக்கும் இதே வரிசை என்று சொல்ல மாட்டேன். தேரி என்கிற செம்மணல் மேட்டுப் பக்கம் மணலே குடித்துவிடும், மிஞ்சியது தருவை என்கிற தாழ்வான நீர்நிலையில் வாரக்கணக்கில் நிற்கும். கோவில்பட்டிக் கரிசலில் முதல் மழையை வெடிப்பு வாங்கிக்கொள்ளும், வெடிப்பு மூடியதும் அத்தனையும் ஓட்டம்தான். அங்கே பாலத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர்த் தீர்மானம் தூர்வாரலுக்குத்தான் போனது. ஜேசிபி வந்து நாலு நாளாக ஓடையில் நிற்கிறது. கலுங்கில் அந்தப் பழைய சாக்குகளின் நைந்த துணி இன்னும் கல்லில் சுற்றிக் கிடக்கிறது. நேற்றுப் பார்த்தேன், பக்கத்தில் புதுச் சாக்கு ஒரு கட்டு இறக்கி வைத்திருக்கிறார்கள்.