போர் தண்ணீருக்கு எது மாற்று: மழைநீர் டிரம்மா, சிட்ரிக் ஆசிட்டா?

மதுரையில் மாடித்தோட்டம் வைத்தவர்களுக்குப் பழகிய காட்சிதான். இட்லிப்பூ செடியின் இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். தொட்டி விளிம்பில் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளைப் படிவு. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் உப்பு மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடுவதால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. இதற்கு இரண்டு வழி: மழைநீரை டிரம்மில் பிடித்து ஊற்றுவது, இல்லையென்றால் போர் தண்ணீரிலேயே சிட்ரிக் ஆசிட் கலந்து ஊற்றுவது.

செலவு: டிரம், குழாய், வலை என்று மழைநீருக்கு முதலிலேயே பணம் போகும். ஆசிட் மலிவு, ஆனால் தீரத் தீர வாங்க வேண்டும்.

வேலை: பத்து லிட்டர் வாளிக்கு அரை டீஸ்பூன் ஆசிட்டில் ஆரம்பித்து, பி.எச். (அமில, கார அளவு) காட்டும் தாளில் 6க்கும் 6.5க்கும் நடுவே வருகிறதா என்று பாருங்கள். டிரம்முக்குக் கொசுவலை கட்டினால் போதும்.

பலன்: இங்கேதான் வித்தியாசமே. ஆசிட் பைகார்பனேட்டை முறிக்கும், மற்ற உப்பு அப்படியே தங்கும். நாக்கில் கரிக்கிற தண்ணீருக்கு அது உதவாது. மழைநீரோ தொட்டியில் சேர்ந்த உப்பையும் அலசிவிடும். 10 மி.மீ. மழை பெய்தால் 100 சதுர அடி மாடியில் 90 லிட்டர் வரை இறங்கும். ஆனால் நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை. பங்குனி வருவதற்குள் டிரம் காலி.

நாலைந்து தொட்டி என்றால் மழைநீர்தான் என் ஓட்டு. முப்பது தொட்டி என்றால் கோடைக்கு ஆசிட், அப்புறம் மழைக்கு டிரம். அரளிக்கு இரண்டுமே வேண்டாம். ஆர்.ஓ. கழிவுநீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அதில் உப்பு இன்னும் அதிகம்.