மாசியா, ஆடியா? இலங்கைப் பயணத்துக்கு ஏற்ற காலம்

"இலங்கைக்கு எந்த மாதம் போனால் மழை இருக்காது?" நேரான பதில், அப்படியொரு மாதம் கிடையாது என்பதுதான். ஆனால் ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரையான வாரங்களை விட்டுவிட்டால், தீவின் ஏதாவது ஒரு கரையில் பெரும்பாலும் நல்ல வெயில் இருக்கும். ஆகவே மாதத்தைத் தனியாகவும் இடத்தைத் தனியாகவும் யோசித்துப் பயனில்லை. மாதம் முடிவாகிவிட்டால் அதற்கேற்ற கரையைத் தேட வேண்டும். கரை மனதில் இருந்தால் மாதத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் விடுமுறைக்கு டிக்கெட் எடுத்து, டிசம்பரில் திருகோணமலை விடுதி அறைக்குள் அடைபட்டுக் கிடக்கும் குடும்பங்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. அதே டிசம்பர் கடைசி வாரத்தில் காலிப் பக்கம் போயிருந்தால் அவர்கள் கடலில் குளித்திருக்கலாம்.

உண்மையில் போட்டி இரண்டு காலங்களுக்கு இடையில்தான். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை ஒன்று. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை மற்றது. வசதிக்காக முதலாவதை மாசி என்றும் இரண்டாவதை ஆடி என்றும் சொல்கிறேன்.

காற்றும் மலையும்

இலங்கையின் கரையோரத்தில் குளிர்காலம், கோடைகாலம் என்ற கணக்கு எடுபடாது. கொழும்பில் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் சராசரி வெப்பநிலையில் உள்ள வேறுபாடு இரண்டு பாகைக்குள் அடங்கிவிடும். பருவத்தைத் தீர்மானிப்பது காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று. இடையில் மார்ச், ஏப்ரலும் ஒக்டோபர், நவம்பரும் இடைப்பருவங்கள். வளிமண்டலவியல் திணைக்களமும் ஆண்டை இப்படித்தான் நான்காகப் பிரிக்கிறது.

நடுவே 2,524 மீற்றர் வரை உயர்ந்து நிற்கும் மலைநாடு இந்த மழையை இரண்டு பக்கமாகப் பிரித்துவிடுகிறது. தென்மேல் காற்று சுமந்துவரும் ஈரத்தின் பெரும்பகுதி மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். அங்கே சில இடங்களில் ஆண்டுக்கு 5,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அதே காற்று காய்ந்து சூடேறிவிடும். மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்வது இந்தக் காற்றைத்தான். வடகீழ் பருவத்தில் முறை மாறும். வங்காள விரிகுடாவிலிருந்து வரும் மழை வடக்கையும் கிழக்கையும் நனைக்க, தெற்கும் மேற்கும் தெளிந்துவிடும்.

கொழும்பின் மழைக் கணக்கில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மே மாதம் அங்கே சராசரியாக 390 மி.மீ. அளவுக்குப் பெய்கிறது, ஒக்டோபரும் நவம்பரும் அதற்குச் சளைத்தவை அல்ல. ஜூலையிலும் ஓகஸ்டிலும் ஏறத்தாழ 120 மி.மீ. வீதம்தான். தென்மேல் பருவம் என்றதும் ஐந்து மாதமும் மேற்குக் கரை நனைந்துகொண்டே இருக்கும் என்று எண்ணி ஆடி மாதத்தை ஒதுக்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

மழையை விடக் கடலைப் பாருங்கள்

மழை ஒரு மணி நேரம் பெய்து ஓய்ந்துவிடும். கடல் அப்படியல்ல, பருவம் முழுவதும் ஒரே குணத்தோடு இருக்கும். ஜூலையில் தென்மேற்குக் கரை ஹிக்கடுவையில் நாள் முழுவதும் வெயில் அடித்தாலும் கடலில் இறங்க முடியாது. தென்மேல் காற்று நேரே கரையை நோக்கி அடிப்பதால் அலை உயர்ந்து வரும், தண்ணீர் கலங்கியிருக்கும், அடியில் இழுவை பலமாக இருக்கும். சிவப்புக் கொடி நட்டிருக்கிறார்கள் என்றால் நீச்சல் தெரிந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் நட்டிருக்கிறார்கள். அதே ஜூலையில் கிழக்குக் கரை நிலாவெளியில் கடல் குளம்போலக் கிடக்கும். புறாத்தீவுக்குப் படகில் போய் முகமூடியோடு தலையைக் கவிழ்த்தால் பவளப்பாறையும் மீனும் தெளிவாகத் தெரியும். பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீரிலேயே வெகுதூரம் நடந்து போகலாம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்தத் தீவில் அதைவிடப் பாதுகாப்பான கடல் இல்லை என்பது என் எண்ணம்.

மாசியில் இது அப்படியே தலைகீழ். தெற்கில் உனவட்டுனையும் மிரிஸ்ஸவும் அடங்கிப்போய்க் கிடக்க, கிழக்கில் மழை குறைந்த பிறகும் கடல் முரண்டு பிடிக்கும். பெப்ரவரியில் திருகோணமலைக்குப் போனால் கோணேசர் கோயிலைத் தரிசிக்கலாம், கன்னியா வெந்நீர் ஊற்றில் குளிக்கலாம். ஆனால் புறாத்தீவை நம்பிப் போகக் கூடாது. திமிங்கிலம் பார்க்கும் படகுகளும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன: நவம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிஸ்ஸவிலிருந்து, மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலையிலிருந்து. அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களுக்கு அலை வேண்டும் என்றாலும் அவர்களும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறார்கள். மாசியில் தெற்கே வெலிகம, ஆடியில் கிழக்கே அறுகம்குடா.

மாசியின் பக்கம்

முதல் தடவை போகிறவர்களுக்கு, வயதானவர்களோடு தீவை ஒரு சுற்றுச் சுற்ற நினைப்பவர்களுக்கு, மாசிதான் சரி. கொழும்பில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் மழை 60, 70 மி.மீ. அளவில் நின்றுவிடும். மலைநாட்டிலும் ஆண்டின் மிகக் காய்ந்த நாட்கள் இவைதான். ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்க்க ஜனவரி முதல் மார்ச் வரையான காலமே நம்பகமானது. அப்போதும் காலை 9, 10 மணிக்கெல்லாம் மூடுபனி ஏறி வந்துவிடும் என்பதால் இருட்டோடு புறப்பட வேண்டும். நுவரெலியாவில் இந்த நாட்களில் இரவுக் குளிர் கடுமையாக இருக்கும். சில விடியல்களில் புல்லில் உறைபனி படிந்திருக்கும். கம்பளிச் சட்டை இல்லாமல் போய்விடாதீர்கள்.

சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமும் இதற்குள் வருகிறது. டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியோடு அது முடியும். இந்த மாதங்களில் படிகளில் விளக்கு எரியும், வழியில் தேநீர் கிடைக்கும், மேலே போகும் சனத்தோடு சனமாக 2,243 மீற்றர் உயர உச்சிக்கு ஏறிவிடலாம். ஆடியில் அதே படிகள் இருட்டும் காற்றும் மழையுமாக இருக்கும்.

வன்னியின் அழகும் மாசியில்தான். வடகீழ் மழை ஓய்ந்து குளங்கள் நிறைந்திருக்கும், பெரும்போக நெல் அறுவடைக்கு வந்திருக்கும். மன்னார்க் களப்புகளில் பூநாரைகளும் வலசைப் பறவைகளும் இறங்கியிருக்கும். திருக்கேதீச்சரத்தில் சிவராத்திரி. மாசிக்கு எதிராகச் சொல்லக்கூடிய பெரிய குறை, கிழக்குக் கடல் கிடைக்காது என்பது மட்டுமே.

ஆடியின் பக்கம்

அந்தக் குறை ஒன்று போதும், என் வாக்கை ஆடிக்குப் போட. தமிழர்கள் வாழும் வடக்கும் கிழக்கும் முழுமையாகத் திறந்திருப்பது இந்த மாதங்களில்தான். காரைதீவிலும் மட்டக்களப்பிலும் கடல் அடங்கியிருக்கும், யாழ்ப்பாணத்தில் மழை அரிது. திருவிழாக்களும் காய்ந்த பருவத்தைப் பார்த்தே அமைந்தவைபோல வரிசையாக வருகின்றன: கதிர்காமக் கொடியேற்றம், ஓகஸ்ட் 15இல் மடுமாதா, ஆடி, ஆவணியில் 25 நாள் நல்லூர், அதைத் தொட்டுச் செல்வச்சந்நிதி. வடக்கிலிருந்து கிழக்குக் கரை வழியே காடு கடந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் பாதயாத்திரையும் இந்த நாட்களில்தான். கார்த்திகையில் அந்தக் காட்டுவழியில் நடந்துவிட முடியாது.

மின்னேரியாவில் யானைகள் கூடுவதும் இப்போது. வயலுக்கு நீர் திறக்கத் திறக்கக் குளம் பின்வாங்கும். வெளியே வந்த குளத்து மண்ணில் இளம்புல் முளைக்கும். அதை மேய ஓகஸ்ட், செப்டம்பரில் கூட்டம் கூட்டமாக யானைகள் காட்டிலிருந்து இறங்கி வரும். மேலே மொரகஹகந்த நீர்த்தேக்கத்திலிருந்து நீர் வந்து குளம் நிறைந்திருந்தால் புல் இருக்காது, கூட்டமும் மெலிந்துவிடும். போவதற்கு முன் குளத்து நீர்மட்டத்தை விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

ஆடியின் கஷ்டங்களையும் சொல்லிவிட வேண்டும். கச்சான் வீசும் நாளில் மட்டக்களப்பில் மதியம் வெளியே நிற்க முடியாது. வன்னி காய்ந்து பழுப்பாகிவிடும். யாழ்ப்பாணத்தில் சோழகம் என்னும் தென்மேல் காற்று பலமாக வீசும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகு நன்றாக ஆடும். காலைப் படகைப் பிடிப்பதும், வயிறு முட்டச் சாப்பிடாமல் ஏறுவதும் உதவும். சிகிரியாவில் விடிந்ததும் ஏறத் தொடங்கிவிட வேண்டும். யால காட்டின் முதலாம் பிரிவு பெரும்பாலும் செப்டம்பரில் வறட்சிக்காக மூடப்படும், ஆகவே சிறுத்தை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஓகஸ்டுக்குள் போய்விட வேண்டும்.

மலைநாடு ஆடியில் வீண் என்று பலர் சொல்வது பாதிதான் உண்மை. கண்டியிலிருந்து பதுளைக்குப் போகும் ரயில் பாதையில் பட்டிப்பொலதான் உயரமான நிலையம். ஜூலையில் ஹட்டன், நானுஓயா எல்லாம் தூறலிலும் முகிலிலும் மூழ்கியிருக்கும். ஜன்னலைத் திறந்தால் சட்டை நனையும். பட்டிப்பொல தாண்டி ஒரு சுரங்கம் வரும். அதற்குள் நுழையும்போது மழை. ஒஹிய பக்கம் வெளியே வரும்போது பல நாட்களில் வெயில் கண்ணைக் கூசும். மழை கொட்டும் சரிவு அங்கே முடிந்து, ஊவாவின் காய்ந்த சரிவு தொடங்குகிறது. எல்ல, பண்டாரவளை, பதுளை எல்லாம் ஜூன், ஜூலையில் நன்றாகக் காய்ந்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் அதே பதுளைப் பக்கம் ஈரமாகிவிடும். ஆகவே ஆடியில் போகிறவர்கள் நுவரெலியாவில் தங்கும் இரவுகளைக் குறைத்து எல்ல பக்கம் கூட்டிக்கொள்ளலாம். 2025 நவம்பர் புயலில் இந்த ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது. டிக்கெட்டைத் திட்டத்தில் சேர்க்கும் முன் எதுவரை ஓடுகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

மற்ற மாதங்கள்

சித்திரைக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. மார்ச் கடைசி, ஏப்ரல் முற்பகுதியில் இரண்டு கரையிலும் கடல் ஏறத்தாழ அமைதியாக இருக்கும். ஆனால் ஏப்ரல் 5 தொடங்கி ஏறக்குறைய பத்து நாள் சூரியன் தீவுக்கு நேர் உச்சியில் நிற்கும்; புழுக்கம் தாங்காது. மதியத்துக்குப் பின் இடியும் மின்னலுமாக மழை வரும். புத்தாண்டு நாட்களில் கடைகள் மூடியிருக்கும், பேருந்துகள் குறையும், நுவரெலியாவில் சனம் நிரம்பி வழியும். வெயிலைத் தாங்குகிறவர்கள் போகலாம்.

மே மாதம் மேற்கிலும் சப்ரகமுவ மாகாணத்திலும் ஆபத்தானது. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்தது. 2017 மே வெள்ளத்திலும் மண்சரிவிலும் இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறைப் பக்கங்களில் 200க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கோடை விடுமுறையில் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இந்த மாதத்தில் அனுராதபுரம் வழியாக நேரே திருகோணமலைக்குப் போய்விடுவது நல்லது.

ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இடைப்பருவ மழை தீவு முழுவதும் பெய்யும். புயல்களும் இந்தக் காலத்தில்தான் வரும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த புயலை ஊரில் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் கிழக்கில் ஏறி மலைநாட்டை உலுக்கியது, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். 2023 ஒக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும் வடகீழ் பருவத்தில் நிறுத்தப்படுவது வழக்கம். வேறு வழியில்லாமல் போகிறவர்கள் மலைப்பாதையைத் தவிர்த்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை அன்றாடம் பாருங்கள்.

நத்தார் விடுமுறைக்கு வருகிறவர்கள் டிசம்பர் 20க்குப் பிறகு தெற்கை வைத்துத் திட்டமிடுங்கள். யாழ்ப்பாணத்தில் உறவினர்களைப் பார்க்க வேண்டும் என்றால் அதைப் பயணத்தின் கடைசிக்குத் தள்ளுங்கள். தை பிறக்கும்போது மழை நன்றாகக் குறைந்திருக்கும். ஆடியில் வருகிறவர்களுக்கு இன்னொரு விஷயம்: நல்லூர்த் தேரைச் சுற்றிய நாட்களில் யாழ்ப்பாண நகரில் அறை கிடைப்பது மிகவும் கடினம். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் பஞ்சாங்கத்தைப் பார்த்து, டிக்கெட் எடுக்கும்போதே அறையையும் பிடித்துவிடுங்கள்.