கல்லீரல் நொதிச் சோதனை: கோத்தகிரிப் பரிசோதனை நிலையம் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

கொழுப்புக் கல்லீரல் உள்ள என் தந்தையாருக்கு மருத்துவர் அவ்வப்போது எழுதித் தரும் எல்.எஃப்.டி. எனப்படும் கல்லீரல் செயல்பாட்டுச் சோதனையை, கோத்தகிரிக் கடைவீதியில் உள்ள ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்தில்தான் செய்து வருகிறோம். இதற்காகக் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் இயல்பு அளவைத் தாண்டியது என்று காட்ட அறிக்கையில் இடும் நட்சத்திரக் குறிகளை அப்படியே நம்பிவிடக் கூடாது.

ரத்த மாதிரியை இவர்கள் கையாளும் விதம் பாராட்டுக்குரியது. இச்சோதனையில் அளக்கப்படும் எஸ்.ஜி.ஓ.டி. என்ற கல்லீரல் நொதி சிவப்பணுக்களிலும் இருப்பதால், ரத்தம் எடுக்கும்போதோ வழியில் குலுங்கியோ அவை உடைந்தால், கல்லீரலில் கோளாறு இல்லாமலே அந்த அளவு கூடிவிடும். இங்கே ரத்தத்தின் தெளிந்த நீர்ப் பகுதியான சீரத்தை உடனே பிரித்து அங்கேயே சோதிக்கிறார்கள். ரத்தம் எடுக்கும் பெண், "நேற்று மூட்டை ஏதாவது தூக்கினீங்களா ஐயா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார். இதே நொதி தசையிலும் இருப்பதால், தேயிலை மூட்டை சுமப்பவர்கள் மிகுந்த இவ்வூரில் இதைவிடப் பொருத்தமான கேள்வி இருக்க முடியாது.

எஸ்.ஜி.பி.டி. என்ற இன்னொரு நொதி பெரும்பாலும் கல்லீரலைச் சார்ந்தது என்பதால், இரண்டையும் ஒப்பிடுவதில் பயன் உண்டு. எஸ்.ஜி.ஓ.டி.யை எஸ்.ஜி.பி.டி.யால் வகுத்தால் வரும் விகிதம், மதுவால் கெட்ட கல்லீரலில் பெரும்பாலும் 2-ஐத் தாண்டும். தொடக்க நிலைக் கொழுப்புக் கல்லீரலில் பொதுவாக 1-க்குக் கீழே நின்று, கல்லீரலில் விழும் தழும்பு முற்றும்போது மேலே ஏறும். இவ்விகிதத்தை அறிக்கையிலேயே அச்சிட்டுத் தருகிறார்கள். தட்டணு எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னால், வயதையும் இந்த இரு நொதிகளையும் கொண்டு தழும்பின் அளவை மதிப்பிடும் ஃபிப்-4 கணக்கை மருத்துவர் அங்கேயே போட்டுவிடுவார்.

குறை என்று பார்த்தால், இயல்பு அளவாக அவர்கள் அச்சிடுவது எல்லா வயதினருக்கும் ஒன்றே. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பிலிருந்தும் அல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்ற நொதி வருவதால், பெரியவர்களின் வரம்பை அது பல மடங்கு தாண்டுவதுகூட இயல்பே. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பையனின் அறிக்கையில் அதற்கு நட்சத்திரக் குறி இட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவன் அம்மாவுக்கு அன்றிரவு உறக்கமில்லை. அந்த உயர்வு எலும்பினுடையதா கல்லீரலினுடையதா என்று பிரித்துக் காட்டக்கூடிய ஜி.ஜி.டி. என்ற மற்றொரு நொதிச் சோதனையோ இங்கே இல்லை, வெளியே அனுப்ப வேண்டும். சொல்லிப் பார்த்தோம், அச்சு மாறவில்லை.

பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு வரச் சொல்வதும் நொதிகளைப் பொறுத்தவரை தேவையற்ற கண்டிப்பு. சர்க்கரையும் கொழுப்பும் பார்ப்பவர்களுக்கு அது சரி. மற்றவர்களுக்கு மார்கழிக் குளிரில் ஒரு வாய்த் தேநீரை மறுப்பது கொடுமை. கட்டணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கண் மஞ்சளித்தவர்களும் வயிறு வீங்கியவர்களும் மட்டும் இங்கே வரிசையில் நிற்காமல் நேரே மருத்துவமனைக்குச் செல்வதே நல்லது. நொதிகள் காட்டுவது செல்கள் அடிபடுவதைத்தான், கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அல்ல. கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சுருக்க நோய் (சிரோசிஸ்) முற்றிய நிலையில், நொதி கசிவதற்குச் செல்களே குறைந்துபோய், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் இயல்பாகவே தெரியக்கூடும். அந்நிலையில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியையும் கல்லீரல் உண்டாக்கும் அல்புமின் புரதத்தையும் ரத்தம் உறையும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உறையும் நேரத்தைப் பார்க்கும் வசதி இந்த நிலையத்தில் இல்லை.