பான்டோபிரசோல் 40: நான்கு ஆண்டுகள் விழுங்கியவனின் மதிப்பீடு

நெஞ்செரிச்சலை மட்டும் கணக்கில் கொண்டால் இந்த மாத்திரைக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம். மதுரை தெற்குமாசி வீதி ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதிவிட்டு, இரவு பத்தரைக்கு மேல் புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்ட கையோடு படுத்துவிடுகிற எனக்கு, காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிய 40 மில்லிகிராம் மாத்திரை மூன்றாம் நாளே புளித்த ஏப்பத்தை நிறுத்தியது. மருத்துவர் எழுதிக் கொடுத்தது எட்டு வாரங்களுக்கு. நான் விழுங்கியது நான்கு ஆண்டுகளுக்கு மேல்.

இடையில் யாரும் தடுக்கவில்லை என்பதுதான் என் குறை. மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. எங்கள் தெருமுனை மருந்துக்கடையிலோ 'கேஸ் மாத்திரை' என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அட்டை மேசைக்கு வந்துவிடும். அந்தப் பொடி எழுத்துகளை நானும் ஒருநாள்கூடப் படித்ததில்லை.

நான்காம் ஆண்டில் நள்ளிரவுகளில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கத் தொடங்கியது. பிறகு வலது இமை துடித்தது (ஆண்களுக்கு அது நல்ல சகுனம் என்று வீட்டில் மகிழ்ந்தார்கள்), பேரேட்டில் எழுதும்போது விரல்கள் நடுங்கின. நானாக வாங்கிச் சாப்பிட்ட கால்சியம் மாத்திரையால் இரண்டு மாதங்களில் எந்தப் பயனும் இல்லை. அண்ணா நகரில் பார்த்த பொது மருத்துவர், வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது, ரத்த அழுத்தத்திற்கான, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை மட்டுமே சொன்னேன். அவர் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான், நான் மருந்தென்றே எண்ணியிராத கேஸ் மாத்திரை நினைவுக்கு வந்தது. ரத்தத்தில் மக்னீசியம் பார்க்கச் சொன்னார். பொதுவாக டெசிலிட்டருக்கு 1.7 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாத அளவு எனக்கு 1.1 ஆக இருந்தது, கால்சியமும் இறங்கியிருந்தது. ஆண்டுதோறும் நான் காசு கட்டிச் செய்துகொண்ட முழு உடல் பரிசோதனையில் மக்னீசியம் என்ற வரியே இல்லை.

அமிலத்தை அடக்கும் இவ்வகை மருந்துகளை நெடுநாள் சாப்பிடும்போது, உணவிலுள்ள மக்னீசியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்வது குறைந்துபோவதே காரணம் என்று கருதப்படுகிறது. மக்னீசியம் மிகவும் குறைந்தால், ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் பாராதைராய்டு ஹார்மோனும் சரிவரச் சுரக்காமல் கால்சியமும் சரிகிறது. நான் விழுங்கிய கால்சியம் எடுபடாததன் பின்னணி அதுதான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011 மார்ச்சிலேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது: பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் சாப்பிட்டவர்களிடமே இக்குறை தென்பட்டது, ஆய்ந்த நேர்வுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் மக்னீசியம் கொடுத்தது மட்டும் போதாமல் மருந்தையே நிறுத்த வேண்டியிருந்தது. தசை இழுப்போடு நிற்காமல் இதயத் துடிப்புத் தடுமாற்றம், வலிப்பு வரைக்கும் போகக்கூடிய குறை இது. என்னைப் போலச் சிறுநீர் பெருக்கியும் சேர்த்துச் சாப்பிடுவோருக்கு ஆபத்து கூடுதல்.

நிறுத்துவதும் எளிதாக இல்லை. மருத்துவர் அளவை 20 ஆகக் குறைத்து, பிறகு அமிலத்தைக் குறைக்கும் வேறு வகை மருந்தான பாமோட்டிடினுக்கு மாற்றினார். அடக்கி வைத்திருந்த அமிலம் பீறிட்டுக் கிளம்பியதுபோல முதல் இரண்டு வாரங்கள் நெஞ்சு முன்னைவிட அதிகமாக எரிந்தது. மூன்றாம் வாரப் பரிசோதனையில் மக்னீசியம் 1.8க்கு ஏறியிருந்தது, கால் இழுப்பும் நின்றிருந்தது. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கடையிலேயே முடித்துக்கொள்கிறேன், புரோட்டாவை விடவில்லை.

எட்டு வாரப் பயன்பாட்டிற்கு ஐந்துக்கு ஐந்து, கேள்வி கேட்காமல் தொடரும் பயன்பாட்டிற்கு ஐந்துக்கு ஒன்று என்பது என் மதிப்பீடு. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். ஏற்கெனவே வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்த என் மைத்துனர், இதய அடைப்புக்காக, அந்தக் கசிவை மீண்டும் தூண்டக்கூடிய ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். அவருக்கு இதே மாத்திரையைத் தொடரச் சொல்லி, ஆறு மாதத்திற்கு ஒருமுறை மக்னீசியமும் பார்க்குமாறு அதே மருத்துவர் சீட்டில் எழுதியிருக்கிறார்.